தோளில் ஒரு தட்டு

காந்தி சிலைக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு கைகளையும் விமானமாக்கிக் காட்டினார். இடது கை தப்பி ஓடுகிறது. வலது கை வளைந்து பின்னாலேயே போகிறது.

"வான்சண்டையில பின்னால வந்து நிக்கிறவன்தான் ஜெயிப்பான் தம்பி. விமானிக்குக் கழுத்துதான் முக்கியம். திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே இருக்கணும்."

அவர் விமானி இல்லை. கடலூர்க்காரர். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் நாட் ரகச் சிறிய போர் விமானங்களுக்குத் தரைப்பணியாளர். விமானியை உட்காரவைத்து இருக்கைப் பட்டையை இறுக்குவது அவர் வேலை.

வேகத்தில் சட்டென்று வளைந்தால் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். 70 கிலோ ஆள் 420 கிலோ. ரத்தம் தலையைவிட்டு இறங்கும். பார்வை முதலில் வெளிறும், அப்புறம் இருட்டு. அதிலும் எதிரியைத் தேட வேண்டும்.

நாட் விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் பற்றிப் பேச்சு வந்தது. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஓடுபாதையில் குண்டு விழும்போதே நாட் விமானத்தைக் கிளப்பினார். தாக்க வந்தவை பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள். உடன் கிளம்பியவர் பிரிந்துவிட, தனியாகவே மோதினார். திரும்பவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவரைக் கொண்டாடுகிறோம், சரி. விமானி ஏறியதும் ஏணியை எடுத்துவிட்டு வானத்தையே பார்த்து நின்றவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

"பட்டையை இறுக்கிட்டு தோள்ல ஒரு தட்டு தட்டுவேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

கிளம்பும்போது என் தோளிலும் தட்டிவிட்டுப் போனார்.