நிற்கக் கற்றுக்கொடுக்கும் வேலை

போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கேமராவைத் தொடுவதற்கு முன்பே சொல்லித்தரப்படுவது, ஆட்களை எப்படி நிறுத்துவது என்பதுதான். பெண் என்றால் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய வேண்டும், தாடை இறங்க வேண்டும், ஒரு கை முந்தானையைப் பிடித்திருக்க வேண்டும். ஆண் என்றால் தோளை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, நேராகப் பார்க்க வேண்டும். எங்கும் எழுதிவைக்கப்படாத பாடம் இது. என் முதலாளி தன் முதலாளியிடம் கற்றார், நான் அவரிடம் கற்றேன். ஜாதகத்தோடு கொடுக்கும் படங்கள்தான் எங்களுக்கு முக்கிய வருமானம் என்பதால், எத்தனையோ பெண்களின் தாடையை இந்தக் கை தொட்டுத் திருப்பியிருக்கிறது.

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலாவின் படங்களைப் பார்த்த பிறகுதான் அந்தக் கை தயங்கத் தொடங்கியது. அவர் பரோடாவில் சிற்பம் படித்தவர். சுடுமண்ணில் சிறுமிகளின் உருவங்களைச் செய்து பெயர் பெற்றவர். 1990-களின் நடுவில் மண்ணை விட்டுவிட்டுத் தன் உடலையே உருவமாக்கத் தொடங்கினார். முகமூடி போட்ட சாகசக்காரியாகவும் அவளுடைய இரட்டைச் சகோதரியாகவும் தானே வேடமிட்டு, 1996 முதல் 1998 வரை மும்பையில் ஒரு படக்கதையை உருவாக்கினார். பிறகு தாதரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜே.எச். தக்கர், பழைய இந்தி நட்சத்திரங்களைப் படமெடுத்தவர், அதே ஒளியில் அதே பாணியில் இவரையும் எடுத்தார். நவரசங்களையும் முகத்தில் காட்டி இவர் நின்ற படங்கள் அந்த வரிசையில் வந்தவை. ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய வேலை அது.

என்னை அதிகம் உலுக்கியது 2000-க்கும் 2004-க்கும் இடையில் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய தொடர். ரவி வர்மா 1889-இல் வரைந்த நிலவொளிப் பெண், லட்சுமியின் அச்சுப்படம், வேளாங்கண்ணி மாதா, 1970-களின் தமிழ்ப் படத்தில் சவுக்கு வீசும் பெண் என்று நாம் பார்த்துப் பழகிய உருவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் புஷ்பமாலாவே இருக்கிறார். ரவி வர்மாவின் பெண் ஆற்றங்கரைப் பாறையில் அமர்ந்திருக்கும் விதத்தில், கடை மூடிய பிறகு எங்கள் ஸ்டூலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். சற்று நேரத்தில் கழுத்து இறுகியது, இடுப்பு வலித்தது. ஓவியத்தில் அந்த வலி தெரிவதில்லை. புஷ்பமாலாவின் படத்தில் தெரிகிறது, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது எடையுள்ள ஓர் உடல். மண்ணைக் கையாண்டவருக்கு எடை எங்கே விழுகிறது என்பது நன்றாகத் தெரியும். அவர் சிற்பத்தை விட்டுப் போய்விட்டார் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

அதே தொடரில் ஒரு தோடர் பெண் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிற்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் மக்களின் உடலை அளந்து வகைப்படுத்த இத்தகைய திரைகளைப் பயன்படுத்தினார்கள். காதுகள் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று நான் தினமும் சொல்லி எடுக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் அந்தத் திரைக்கும் உறவு இருக்கிறது. தொடரின் இன்னொரு பகுதியில் படுதாவும் செட்டும் ஒப்பனையும் உதவியாளர்களும் அப்படியே காட்டப்படுகின்றன. பெண் என்று நாம் நம்பும் உருவம் எத்தனை பேர் கூடிக் கட்டியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நர்ஸ் தன் அம்மாவோடு வந்தார். வழக்கம்போல முந்தானையைப் பிடிக்கச் சொன்னேன். "அக்கா, நான் இப்படி நிற்பதே இல்லை" என்றார். "படத்துக்குத்தானே, அக்கா சொல்கிறபடி நில்" என்றார் அம்மா. நான் கேமராவுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடியை நகர்த்தி வைத்து, "வார்டில் எப்படி நிற்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு கால்களும் தரையில் அழுத்தமாக ஊன்றின. முகம் தானாக நிமிர்ந்தது. அதையும் எடுத்தேன், அம்மா கேட்ட சாய்வையும் எடுத்தேன். அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் பிரதி போடச் சொன்னார்.

ஆண்களிடம் இதைச் செய்வது கடினமாக இருக்கிறது. புஷ்பமாலா 2014-இல் வாஸ்கோ ட காமாவாகவே வேடமிட்டார். 1898-இல் ஒரு போர்த்துகீசிய ஓவியர் வரைந்த, கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் அவையில் வாஸ்கோ நிற்கும் காட்சியை மேடைபோல அமைத்து, கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் வைத்தார். அந்த வீரத் தோரணையை ஒரு பெண் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அதுவும் முந்தானையைப் போலக் கையில் கொடுக்கப்பட்ட பொருள்தான் என்பது பட்டென்று தெரிகிறது. ஆனால் மாப்பிள்ளைப் படத்துக்கு வரும் பையன்களிடம் "சாதாரணமாக நில்லுங்கள்" என்றால் பயந்துபோகிறார்கள். நெஞ்சை இன்னும் கொஞ்சம் தூக்குகிறார்கள். அதனால் இப்போது அவர்களை முதலில் உட்காரவைத்து, ஊர், வேலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு எடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் ஆகிறது, முகூர்த்த மாதங்களில் வரிசை நீள்கிறது. முதலாளிக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. நான் விடுவதாகவும் இல்லை.