மிஷின் வாங்கும் முன் நூறு கிலோ புளி

கிருஷ்ணகிரியில் ‘என்ன தொழில் செய்யலாம்?’ என்று வாயைத் திறந்தாலே மாங்கூழ் என்பார்கள். பெங்களூரா மாம்பழம் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது, வாஸ்தவம். ஆனால் சீசன் மே முதல் ஜூலை வரைதான். வட்டி 12 மாதமும் ஓடும். ஏற்கெனவே ஆலை வைத்திருப்பவர்களே மிச்ச நாளுக்குக் கொய்யா, பப்பாளி என்று தேடுகிறார்கள். அதனால் எந்த யோசனை வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்?

கொட்டை எடுத்த புளி விற்கும் தொழிலை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, விற்பனையோ வருஷம் முழுக்க. மிஷின் விலை விசாரிக்கும் முன் ஓட்டோடு 100 கிலோ வாங்குங்கள். உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்தால் சதை சுமார் 55 கிலோ நிற்கும். கொட்டை 34, மீதி ஓடும் நாரும். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினதாக வைத்துக்கொண்டால், கூலி சேர்க்கும் முன்பே சதையின் அடக்கம் 73 ரூபாய்க்குப் பக்கம். பலர் 40-ஐ மனதில் வைத்துக்கொண்டே விலை சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். கொட்டைக்கும் விலை உண்டு, மாவாக அரைத்து நெசவு ஆலைக் கஞ்சிக்குப் போகிறது. அதைத் தனி வரவாக எழுதுங்கள். கொட்டை எடுப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ முடிக்கிறார் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து எடை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது நிறம். ஈரம் இருக்கும்போதே பாக்கெட் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்திருந்தாலும் வெளியே வைத்தால் மாதம் போகப் போகக் கறுக்கும். வீட்டில் பழைய புளிக்குத்தான் மரியாதை, கடைக்காரருக்கோ செம்பழுப்புதான் வேண்டும்! ஆகவே குளிர்கிடங்கு வாடகையும் அடக்கத்தில் சேரும். அரைக் கிலோ பாக்கெட் இரண்டைச் சமையலறை அலமாரியில் 6 வாரம் விட்டுப் பார்த்தால் எதிலும் படிக்கத் தேவையில்லை.

மிச்சத்தை மெஸ், மளிகைக் கடை, ஊறுகாய் போடுபவர் என மூன்று விதமான ஆட்களிடம் கொண்டுபோங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: மாதம் எத்தனை கிலோ? இப்போது யார் போடுகிறார்கள்? கடைசியாக ஆளை மாற்றியது எதற்காக? எத்தனை நாள் கடன்? சும்மா கொடுக்காதீர்கள், காசுக்கு விற்றுவிட்டு இரண்டாவது ஆர்டர் வருகிறதா என்று பாருங்கள். மூவரும் 30 நாள் கடன் கேட்டால், உங்கள் யோசனைக்கு ஒரு மாதச் சரக்கின் பணம் கூடுதலாக வேண்டும்.

மானியத்தைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று கேட்க இனிக்கும். அது கடனோடு சேர்ந்த மானியம். கையில் தரமாட்டார்கள், 3 வருஷம் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்டப்போவது அந்த மெஸ்காரர் தரும் காசு.