வடகடல், தென்கடல், சுண்டெலி

போன வாரம் தங்கச்சிமடத்தில் சித்தி மூங்கில் மிதவைக்காகக் கயிற்றில் கடற்பாசி நாற்று முடிந்துகொண்டே, "ஏய்யா, அந்த எலி சோலி என்னாச்சு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்தச் சோலியில் நான் பட்ட அவதியும் இந்தப் பாசி விவகாரம் மாதிரிதான்: எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம்.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் சுண்டெலியின் கருமுட்டைக்குள் ஊசியால் ஜீனைச் செலுத்துவோம். ஜீன் வேலை செய்யும் இடமெல்லாம் சாயம் போட்டால் நீலமாகும், சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி. ஒரே டிஎன்ஏதான், ஆனால் ஒரு எலியின் வாரிசுகளில் கருவின் முதுகு முழுக்க நீலம், இன்னொன்றின் வாரிசுகளில் காலருகே ஒரு பொட்டு. இரண்டு மாதம் சாயத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். சாயம் பாவம்! அப்படிச் செலுத்தும் ஜீன் எங்கே போய் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. சில சமயம் பல பிரதிகள் ரயில் பெட்டி போலக் கோத்துக்கொள்ளும். குரோமோசோமின் இறுகச் சுருண்ட பகுதியில் விழுந்தால் ஊமை, பரபரப்பான ஜீன் பக்கத்தில் விழுந்தால் அதன் தாளத்துக்கு இதுவும் ஆடும்.

"கச்சான் காலத்துல தென்கடல்ல மிதவை போட்ட கதைதான்," என்றார் சித்தி. கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, அது அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடாவில் அலை மிதவையை விடாது. அதே நாற்றை வடகடலான பாக் விரிகுடாவில் போட்டால் 45 நாளில் அறுக்கலாம்.

சரி, இடத்தை நாமே தேர்ந்தெடுத்தால்? செருகும் ஜீனின் இரு பக்கமும் அந்த இடத்தின் டிஎன்ஏ வரிசையையே ஒட்டி அனுப்பினால், எலிக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் (எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்) தன் டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் வழியிலேயே எப்போதாவது அதை அங்கே கோத்துவிடும். இதற்குத்தான் கபேச்சி, எவன்ஸ், ஸ்மிதீஸ் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2007இல் நோபல். எல்லாரும் விரும்பும் முகவரி 6ஆம் குரோமோசோமில் உள்ள ரோசா26. 1991இல் கண்டறிந்து வெளியிட்ட இடம். அநேகமாக எல்லாத் திசுவிலும் ஜீன் அங்கே விழித்திருக்கும், எலிக்கும் பெரிதாகக் கேடில்லை.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள எச்பிஆர்டி என்ற ஜீன் இன்னொரு முகவரி. ஆனால் பெண் எலியின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் தூங்கிவிடும், அதனால் ஒன்றில் மட்டும் செருகினால் நீலம் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

"அங்கயும் பொம்பளைக்குப் பாதிதானா?" என்றபடி சித்தி அடுத்த கயிற்றை என் மடியில் போட்டார்.