ஆன்டன் டோர்ன் போட்டுவைத்த மேசை

கடல் உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளரின் வேலை வெளியே தெரியாது. ஆராய்ச்சி மாணவர் காலையில் வந்து மைக்ராஸ்கோப் முன் உட்காருகிறார் என்றால், அதற்குள் ஒருவர் கடல்நீரை வடிகட்டி, தொட்டிகளில் காற்றைச் செலுத்தும் ஏரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, கரைவலைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து உயிரினங்களை உயிரோடு வாங்கி வந்திருக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் இந்த வேலை பார்க்கும் எனக்கு ஆன்டன் டோர்ன் மேல் தனிப் பிரியம். அந்த ஜெர்மானிய விலங்கியலாளர், மற்றவர்கள் ஆராய்ச்சி செய்ய இடம் அமைத்துக் கொடுப்பதையே தன் வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டவர்.

டோர்ன் 1840-இல் ஸ்டெட்டின் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) வசதியான வீட்டில் பிறந்தார். அப்பா பூச்சி ஆராய்ச்சியாளர். ஜெர்மனியின் யேனா நகரில் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலிடம் படித்தபோது டார்வினின் பரிணாமக் கொள்கை அவரைப் பற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் கடல் உயிரினங்களைப் படிக்கப் போகிறவர் தொட்டி, புத்தகம், கருவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், கடற்கரை ஊரில் வாடகைக்கு அறை பிடித்து, மீனவர்களைத் தேடி அலைய வேண்டும். சிசிலியின் மெசினாவில் அவரும் அப்படி வேலை பார்த்தார். எல்லாம் தயாராக இருக்கும் ஆய்வு நிலையங்கள் கடலோரங்களில் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வலுத்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகராட்சி அப்படி ஒரு நிலையம் கட்டக் கடற்கரைப் பூங்காவில் இடம் தந்தது. 1872-இல் கட்டட வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மீன் காட்சியகம், மேலே ஆய்வகமும் நூலகமும். ஆனால் டிக்கெட் வருமானத்தில் மட்டும் நிலையம் ஓடாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கைகொடுத்தது 'மேசை' ஏற்பாடுதான். ஒரு நாட்டு அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டு வாடகை கட்டி ஒரு மேசையை எடுத்துக்கொள்ளும். அது அனுப்பும் ஆய்வாளருக்கு இடம், கடல்நீர், ரசாயனம், நூலகம், உயிரினங்கள் எல்லாம் கிடைக்கும். எதை ஆராய வேண்டும் என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள். ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி, உடம்பெல்லாம் முள் உள்ள கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்து, மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உள்ளவை என்று காட்டியது அங்கேதான். 1909-இல் டோர்ன் இறக்கும்போது, அங்கே வேலை செய்து போனவர்கள் 2,200 பேருக்கும் மேல்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் சால்வத்தோரே லோ பியாங்கோ. 1874-இல் 14 வயதுப் பையனாக நிலையத்தில் சேர்ந்தவர். உயிரினங்களை அவற்றின் இயல்பான உருவத்தோடு பதப்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுத்தார். அவர் பதப்படுத்தியவற்றைப் பல நாட்டு அருங்காட்சியகங்கள் விலைகொடுத்து வாங்கின.

அந்தக் கைவேலையின் அருமை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற விலங்கை நேராக ஃபார்மலினில் போட்டால், கைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் சதைக் கட்டியாகிவிடும். கிண்ணத்தில் கடல்நீர் விட்டு, ஆடாமல் அசையாமல் வைத்து, அது தானாக விரியும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அதை மயக்க மெக்னீசியம் குளோரைடு கரைசலை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஊசி நுனியால் தொட்டால் கை லேசாகச் சுருங்கினாலும் இன்னும் மயங்கவில்லை என்று அர்த்தம். மணிக்கணக்கில் ஆகும். நடுவில் அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

முதுகெலும்பிகள், மண்புழு போன்ற வளையப் புழுக்களின் வழிவந்தவை என்ற டோர்னின் கருத்தை அவர் சொன்ன வடிவில் இன்று யாரும் ஏற்பதில்லை. ஒரு உறுப்பின் வேலை பரிணாமத்தில் மாறிக்கொண்டே வரலாம் என்று 1875-இல் அவர் சொன்னது மட்டும் இன்றும் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை அந்த நிலையம்தான். பணம் கேட்டுக் கடிதம் எழுதுவதையும் கட்டடம் கட்டுவதையும் அவர் ஆராய்ச்சிக்குக் குறைந்த வேலையாக நினைக்கவில்லை.

லோ பியாங்கோவின் முறைகள் 1890-இல் அவர் பெயரிலேயே அச்சாகின. இதை எங்களிடம் வரும் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். உயிரினத்தைக் கொண்டுவந்து தந்த மீனவரின் பெயரையும் பாட்டில் லேபிளில் எழுதச் சொல்வேன். இப்போது பலர் நான் கேட்காமலேயே எழுதுகிறார்கள்.