வேலி போடச் சொன்னவன்

“வேலி போட வேண்டும் என்று எழுதாமல் இருக்க முடியாதா?” என்று என் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்டார் எங்கள் மூத்த பொறியாளர். உத்தரவாகச் சொல்லியிருந்தால் மறுத்துவிட்டு மறந்திருப்பேன். கேட்டதுதான் உறுத்துகிறது.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் இருக்கும் லின்னாஹால் அரங்கத்தின் கடல் பக்கப் படிகளில் ஒரு வரிசை விளிம்புக் கற்கள் ஆடின. காரணத்தில் புதிது ஏதுமில்லை. இணைப்புகளில் தண்ணீர் இறங்குகிறது. தாலின் குளிரில் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துக் கல்லைத் தள்ளுகிறது. உருகியதும் இன்னும் ஆழமாகப் போய்க் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. மாலையானால் பிள்ளைகள் கால்களைத் தொங்கப் போட்டு உட்காரும் இடம். வேறு என்ன எழுதுவது?

அவர் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினுக்கு வந்தபோது, லெனின் பெயரில் எழுந்த அரங்கம் இது. கடலிலிருந்து பார்த்தால் பழைய நகரம் மறையக் கூடாது என்று கட்டடக் கலைஞர்கள் ரைனே கார்ப்பும் ரீனா ஆல்ட்மேயும் தாழ்வாகவே கட்டி, கூரையையே ஊரிலிருந்து கடலுக்குப் போகும் நடைபாதையாக்கினார்கள். 4,000 பேருக்கு மேல் உட்காரும் கச்சேரி அரங்கமும் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் மூடிப் பல வருடமாகிறது. “மிச்சம் இருப்பது கூரைதான். அதில் ஆள் ஏறாவிட்டால், இடிக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார்.

1997 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்றே என்றேன். சிரித்தார். பட்டியலில் இருந்தால் சட்டென்று இடிக்க முடியாது, அவ்வளவுதான். ஒழுகும் கூரையைப் பட்டியல் அடைக்காது.

பழைய நினைவில் பேசுகிறார் என்று அன்று நினைத்தேன். அது நியாயமில்லை. சோவியத் ஆட்சியில் வளர்ந்தவருக்கு லெனின் பெயர் மேல் என்ன பாசம் இருக்கப் போகிறது? எங்கிருந்தோ வந்த எனக்குத்தான் வேலி என்று எழுதுவது எளிது. ஆனால் ஒரு பையன் விழுந்தால் ரிப்போர்ட்டில் கையெழுத்து யாருடையது என்றுதானே தேடுவார்கள்?

கற்களை மட்டும் உடனே திரும்பப் பதிக்கச் சொல்லியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். அடியில் நீர்த்தடுப்பைச் சரிசெய்யாமல் பதித்தால் அடுத்த குளிரிலேயே ஆடும், எனவே செய்தது சரி என்று எனக்கே பதில் சொல்லிக்கொள்வேன். அதைச் சரிசெய்யும் பணம் வரும்வரை வேலியும் நிற்கும். அவர் பயந்ததும் அதற்குத்தான்.

வரியை நீக்கவில்லை. பக்கத்துப் படிகளைத் திறந்தே வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். சம்மதமா சலிப்பா, தெரியவில்லை.

அப்புறம் தங்கை குடும்பத்தோடு வந்தபோது முதலில் கூட்டிப்போனது அங்கேதான். “பத்திரம்தானேண்ணா?” என்றாள், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. இந்தப் பக்கம் பத்திரம்தான், ஏறு என்றேன்.