ஒரே நிற உல்லனில் அம்மாவுக்கு ஒரு மஃப்ளர்

அக்டோபர் 4

இந்த மார்கழிக்குள் அம்மாவுக்கு ஒரு மஃப்ளர் பின்னிவிட வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிரிலும் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுவதை விட மாட்டாள். காதில் காற்றுப் பட்டால் அன்று முழுக்க வலி. முந்தானையை இழுத்துக் காதோடு சுற்றிக்கொள்வாள். குனிந்து நாலு புள்ளி வைப்பதற்குள் அது நழுவிவிடும்.

கமர்ஷியல் ரோட்டுக் கடையில் நூலை அவளே எடுத்தாள். செங்கல் நிறம், 100 கிராம் கண்டு மூன்று. அக்ரிலிக்தான், ஆட்டுக் கம்பளி அவள் கழுத்துக்கு அரிக்கும். பக்கத்திலேயே நாலைந்து நிறம் மாறி மாறி ஓடும் நூலும் இருந்தது. எனக்கு அதன் மேல் ஆசை. "எதுக்கு இத்தனை கலர்? ஒரே கலரா இருக்கட்டும் கண்ணு" என்றாள். சரி என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் யோசனை வந்தது. நிறம் மாறும் நூல் என்றால் எல்லா வரிசையும் நிட்டாகவே (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் சாதாரணப் பின்னல்) பின்னிக்கொண்டு போகலாம், டிசைனை நூலே போட்டுக்கொள்ளும். ஒரே நிறத்தில் கண்ணுக்குக் கிடைப்பது மேடும் பள்ளமும்தான். மேட்டின் நிழல் பள்ளத்தில் விழ வேண்டும். பட்டுப்புடவையில் செல்ஃப் டிசைன் என்கிறோமே, உடலும் புட்டாவும் ஒரே நிறம், வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும். அதை நான் ஊசியில் கொண்டுவர வேண்டும்.

அக்டோபர் 11

ஒரு வாரமாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பின்னிப் பார்த்தேன். 8-ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர்.

முதலில் கேபிள். அயர்லாந்தின் ஆரன் தீவு ஸ்வெட்டர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சாயம் போடாத பால் நிறக் கம்பளியில் கயிறு கயிறாக முறுக்கிக்கொண்டு போகும். ஒரே நிற நூலுக்கு இதைவிட அழகான பின்னல் எனக்குத் தெரியாது. ஆறு கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, எடுத்துக்கொண்டு, எட்டு வரிசைக்கு ஒரு தடவை அதில் மூன்றைத் தனி ஊசியில் முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த மூன்றைப் பின்னி, அப்புறம் நிறுத்தி வைத்ததைப் பின்னினேன். முன்பக்கம் பார்த்து எனக்கே சந்தோஷம். திருப்பினால் கயிறே இல்லை, அங்கங்கே இழுத்துப் பிடித்த மாதிரி சுருக்கம்தான். ஸ்வெட்டரில் அந்தப் பக்கம் உடம்போடு மறைந்துவிடும். மஃப்ளரைச் சுற்றினால் ஒரு முனை முன்பக்கம் காட்டும், இன்னொன்று பின்பக்கம் காட்டும். ரிப் மேலே, அதாவது நிட்டும் அதன் மறுபக்கமான பர்லும் நெடுக்கு வரிகளாக மாறி மாறி ஏறும் பின்னல் மேலே, கேபிள் போட்டால் இரண்டு பக்கமும் கயிறு வரும். அதையும் பின்னினேன். தடித்துவிட்டது. காதைச் சுற்றிக் கட்டுகிற துணி மெத்தென்று மடிய வேண்டும்.

அடுத்தது ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுக்காரர்களின் அலை டிசைன். 18 கண்ணிக்கு ஒரு அலை. நாலு வரிசையில் ஒன்றில்தான் வேலை: சில கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைப்பது, நடுவில் நூலைச் சுற்றி ஓட்டை விட்டு அதே அளவு கூட்டுவது. ஓரம் தானாகவே வளைந்து வளைந்து வரும். ஆனால் ஓட்டை வழியே காற்றும் வரும். தவிர, கம்பளியாக இருந்தால் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்கலாம். லேஸ் விரிந்து அப்படியே நிற்கும். அக்ரிலிக் காய்ந்ததும் பழையபடி சுருங்கிக்கொள்கிறது. நல்ல கம்பளி நூல் கிடைக்கும் நாளுக்கு இதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று போகிற ஸ்டாக்கினெட்டைப் பின்னிப் பார்க்கவே இல்லை. இரு ஓரமும் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும்.

ஐந்து நிட், ஐந்து பர்ல், ஆறு வரிசைக்கு ஒரு தடவை இடம் மாற்றினால் கோரைப்பாய் முடைந்தது போல் கட்டம் கட்டமாக வருகிறது. இரண்டு பக்கமும் நன்றாகவே இருக்கிறது. கழுத்தில் மடியும்போது கட்டம் தொலைந்துவிடுகிறது, அதனால் போர்வைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நிட், ஒரு பர்ல் மாற்றி மாற்றிப் போடும் ரவைப் பின்னலும் பிடித்திருந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை முன்னும் பின்னும் தள்ள வேண்டும், மார்கழிக்குள் முடியாது.

துண்டுகளை மாலை வெயில் சாய்வாக விழும் ஜன்னல் ஓரம் மாட்டி வைத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த கறுப்பு நூலிலும் அதே கேபிளைப் பின்னி மாட்டியிருந்தேன். இரண்டடி தள்ளி நின்றால் கறுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. அம்மா எடுத்த செங்கல் நிறத்தில் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. நூலின் முறுக்கும் முக்கியம். பிரிட்டன் கடற்கரை மீனவர்களின் கெர்ன்சி ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் கருநீலம்தான். ஆனால் அந்த நூல் இறுக்கமாக முறுக்கியது, அதனால்தான் வெறும் நிட், பர்லிலேயே அத்தனை டிசைன் எடுத்துக் காட்டுகிறார்கள். பஞ்சு பஞ்சாகப் பூத்திருக்கும் நூலில் எதைப் பின்னினாலும் அமுங்கிப் போகும்.

அக்டோபர் 18

முடிவு செய்துவிட்டேன். மிஸ்டேக் ரிப். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற சாதாரண ரிப்பில் ஒரு கண்ணி தவறினால் என்ன ஆகுமோ அதுதான் டிசைன். கண்ணிகளின் எண்ணிக்கை நாலின் மடங்கோடு மூன்று. நான் எடுத்தது 39. எல்லா வரிசையும் ஒன்றுதான்: நிட் 2, பர்ல் 2 என்று போய்க் கடைசியில் நிட் 2, பர்ல் 1. ஒரு கண்ணி மட்டும் கோடு கிழித்தது போல் நேராக மேலேறுகிறது, அதன் இரு பக்கமும் மணி மணியாக மேடு, நடுவில் பள்ளம். திருப்பினாலும் அதே.

அக்டோபர் 20

நேற்று ராத்திரி பேசிக்கொண்டே கண்ணி ஏற்றினேன். இன்று 5 சென்டிமீட்டர் ஆன பிறகு பார்த்தால் மணியையே காணோம், பனியன் ஓரம் மாதிரி வெறும் ரிப். எண்ணினேன். 40 கண்ணி. நாலின் மடங்காகிவிட்டால் நிட் மேலேயே நிட் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிரித்துவிட்டேன். ஒரு கண்ணி கூடியதற்கு டிசைனே போய்விட்டது என்பதில் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. நீங்கள் பின்னினால் ஏற்றியதும் ஒருமுறை, முதல் வரிசை முடிந்ததும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். வரிசையின் கடைசியில் ஒற்றைப் பர்ல் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

நவம்பர் 9

75 சென்டிமீட்டர். அகலம் இழுக்காமல் வைத்தால் 15. முதல் கண்டு சரியாக இங்கே தீர்ந்தது. புதுக் கண்டை வரிசையின் ஆரம்பத்தில் சேர்த்தேன்; நடுவில் சேர்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிற துணியில் முடிச்சை ஒளிக்க இடமே இல்லை. 10 சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கை பழகிவிட்டதால் டிவி பார்த்துக்கொண்டே போகிறது.

டிசம்பர் 6

முடிந்தது. 150 சென்டிமீட்டர், இரண்டு கண்டு. கண்ணி மூடும்போது 7-ஆம் நம்பர் ஊசிக்கு (நம்பர் குறைந்தால் ஊசி தடிப்பு) மாறி, நிட் வரும் இடத்தில் நிட்டாகவும் பர்ல் வரும் இடத்தில் பர்லாகவும் தளர்வாக மூடினேன். இல்லாவிட்டால் அந்த முனை மட்டும் இறுகி, துணி விசிறி மாதிரி ஆகிவிடும். நூல் நுனிகளை அந்த நேர்க்கோட்டுக் கண்ணிக்குள்ளேயே கோத்து மறைத்தேன்.

அம்மா கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "எது கண்ணு வெளிப்பக்கம்?" என்றாள். எப்படி வேண்டுமானாலும் கட்டும்மா என்றேன். காதோடு சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு வாசலில் குனிந்து பார்த்தாள். நழுவவில்லை, அந்த மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது கண்டு அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு இதே பின்னலில் குல்லா. வட்டமாகப் பின்னும்போது துணியைத் திருப்புவதே இல்லை என்பதால் இங்கே எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு சுற்று நிட் 2, பர்ல் 2; அடுத்த சுற்று நிட் 1, பர்ல் 2, நிட் 1. 104 கண்ணி ஏற்றி, இரண்டு தடவை எண்ணி வைத்திருக்கிறேன்.