கடலோரச் சைக்கிள் பயணம்: மேடு இல்லை, காற்று உண்டு

கடற்கரைச் சாலை தட்டையாகத்தானே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று கிளம்புகிறவர்களுக்குப் பிற்பகலில்தான் விஷயம் புரியும். மேட்டுக்காவது உச்சி உண்டு. எதிர்காற்றுக்கு அதுவும் கிடையாது!

வெயில் ஏறினால் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். முற்பகலில் கடற்காற்று எழுந்து பிற்பகலில் பலமாகும். அதனால் முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பிற்பகல் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து, விடியற்காலை அமைதியிலேயே அந்தத் திசையில் போய்விடுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். தப்பித்தவறி எதிர்காற்றில் மாட்டினால் வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். எதிரே வரும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். கியரை இறக்கி, முழங்கையை மடக்கி, மெதுவாக மிதிப்பதுதான் வழி.

நிதானமான ஒரு நாளுக்கு 40 கி.மீ. தாராளம். மணிக்கு 15 கி.மீ. என்றால் மிதிப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. புறநகரின் சிக்னலும் வேகத்தடையும் கடல் பார்க்க நிற்பதும் சேர்ந்தால் அரை நாள் போய்விடும்.

இந்த மாதிரிப் பயணத்துக்கு மணிக்கணக்கு வாடகை சுத்த நஷ்டம். நின்று வேடிக்கை பார்க்கும் நேரத்துக்கும் காசு ஓடும். நாள் வாடகை பேசுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் வண்டியின் கீறல்களைப் படமெடுங்கள். பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடுமளவுக்கு உள்ளே போனால் வேறு வண்டி கேளுங்கள். வாடகை வண்டிகளில் சீட் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும், முழங்கால் வலிக்கு அதுவே போதும். மிதி கீழே இருக்கையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க ஒரே யோசனை: கடலைப் பார்த்த கடையை விட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள்.

அடுத்த எதிரி மணல். நடைபாதைச் சிமெண்டில் மெல்லியதாகப் படிந்திருப்பது கண்ணில் படாது. வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆளைத் தள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மணல் குவிந்த இடத்தில் வீரம் வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். 32 மி.மீ. அகல டயருக்கு 50-60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், கல்லாக அடித்தால் பிடிமானம் போகும். பஞ்சரானால் புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் தடவி, குத்தியதைப் பிடுங்கி எறியுங்கள். கண்ணாடிச் சில்லு உள்ளேயே இருந்தால் அந்த டியூபும் காலி.

சொந்த வண்டி என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் பேரிங்கின் கிரீஸ் வெளியேறும், மேலிருந்து ஊற்றினால் போதும். துடைத்து உலர்ந்தபின் செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, வெளியே மினுங்குவதைத் துணியால் வழித்தெடுங்கள். அந்த மினுமினுப்பில்தான் அடுத்த பயணத்தின் மணல் ஒட்டும்.